பேட்டரி இல்லாத கூரை

காற்று விடிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மலை முகட்டிலிருந்து கீழே இறங்குகிற அக்டோபர் காற்று, துளி ஈரமில்லாதது. ஒடிலியா சமையலறை ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். சட்டத்தின் இடுக்கில் பைன் ஊசிகள் சிக்கிக்கொண்டு நடுங்கின.

முந்தின நாள் மாலையே மின் நிறுவனத்திடமிருந்து எல்லோருடைய கைபேசிக்கும் செய்தி வந்திருந்தது. இந்தக் காற்றில் கம்பி அறுந்து விழுந்தால் காடு பற்றிக்கொள்ளும். ஆகவே மலைப்பக்கம் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும். எப்போது திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. பினோ ஃப்ளாட் என்ற அந்த மலையூரில் அதைப் படித்தவர்கள், சாப்பாடு கெடாமலிருக்க அலுத்துக்கொண்டே ஐஸ் வாங்கப் போனார்கள்.

ஒடிலியா போகவில்லை. அவள் வீட்டுக் கூரையில்தான் சோலார் இருந்ததே.

கூடத்தில் அப்பா எவரார்தோ சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய். காலடியில் ஆக்ஸிஜன் மெஷின் சீராக உறுமிக்கொண்டிருந்தது. மர அறுவை ஆலையில் ஓர் ஆயுள் முழுக்க அவர் உள்ளிழுத்த தூள் கடைசியில் நுரையீரலை மூடிவிட்டிருந்தது. ஆகஸ்டில் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, இவரை வீட்டில் வைத்துக்கொள்வது கஷ்டம், கீழே மொடெஸ்டோ நகரத்தில் ஒரு பராமரிப்பு இல்லம் இருக்கிறது என்று சமூகப் பணியாளர் பெண் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க போய்த்தான் மூச்சு விடணும்னா, எனக்கு அந்த மூச்சு வேண்டாம்."

உங்கள் ஊரில் அடிக்கடி கரண்ட் போகுமே, அப்போது என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். ஒடிலியா கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினாள். புதுக் கூரை. அதன் மேல் கறுப்புக் கண்ணாடிப் பலகைகள் வரிசையாக. அந்தப் பெண் சிரித்தாள். அப்புறம் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்தது அந்தப் படத்தின் பலத்தில்தான்.

தம்பி ரமீரோ மட்டும் அவரைப் பார்க்க வரவில்லை. அவன் ஏப்ரலிலிருந்தே இந்தப் படியேறவில்லை. அவன் வாங்கி வைத்திருந்த ஜெனரேட்டரை ஒடிலியா விற்றுவிட்டாள் என்பதுதான் காரணம். அதைக் கேட்டபோது அவன் கத்தக்கூட இல்லை. "என்னைக் கேட்டிருக்கலாம்க்கா" என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

*

அவள் அவசரப்பட்டுச் செய்த காரியமில்லை அது. குளிர்காலம் முழுவதும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யோசித்தவள் அவள். மூன்று கம்பெனிகளை வரவழைத்தாள். மூன்று பேரும் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு முதலில் சொன்னது ஒன்றேதான்: தென்மேற்கில் நிற்கிற பைன் மரம் மதியத்துக்கு மேல் கூரையை மறைக்கும். அப்பா நட்டதல்ல, அவருக்கும் முந்தியது. "வெட்டுங்க" என்று அப்பா சொன்னார். சொல்லிவிட்டு மரத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்தது கூரை. பழைய ஓட்டின் மேலேயே பலகைகளை மாட்டிவிட்டால், பிறகு கூரை ஒழுகும்போது எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும், அதற்குத் தனிச் செலவு என்றார்கள். ஆகவே முதலில் கூரையை மாற்றினாள். கடனாகக் கிடைத்ததில் பெரும்பங்கை அதுவே விழுங்கியது.

மிச்சம் இருந்தது பேட்டரி. பலகைகளின் விலையில் பாதி அதற்கே ஆகும் என்றான் விற்பனைக்காரன். ஒடிலியா அந்த வரியைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரி என்பது ராத்திரிக்கு. ராத்திரிக்குத்தான் மின் நிறுவனத்தின் லைன் இருக்கிறதே. லைனை நிறுத்துவது காற்றும் வெயிலும் அடிக்கிற நாட்களில். அந்த நாட்களில் கூரையில் சூரியன் இருக்கும். அப்படியே அது ராத்திரிவரை நீண்டாலும் அப்பாவிடம் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கும். கணக்கு சரியாக வந்தது. பேட்டரி வேண்டாம் என்றாள். அந்தப் பணத்தில் கூடுதலாகச் சில பலகைகள் மாட்டச் சொன்னாள். ஜெனரேட்டர் விற்ற காசு மரம் வெட்டினவர்களுக்குப் போயிற்று.

இனிமேல் நீங்கள் யாரையும் நம்பி இருக்க வேண்டாம் என்று விற்பனைக்காரன் கை குலுக்கினான். அவன் பொய் சொல்லவில்லை. அவள் கேட்காததை அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

*

அப்பாவுக்குத் தட்டில் பீன்ஸும் சூடான டார்ட்டியா ரொட்டியும் வைத்துக்கொண்டிருந்தபோது குளிர்பதனப் பெட்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது. அடுத்த கணம் ஆக்ஸிஜன் மெஷின் நீளமாக ஒரு கூவல் கூவியது. அப்புறம் அதுவும் நின்றது.

வீட்டுக்குள் இத்தனை சத்தங்கள் இருந்தன என்பது அவை நின்ற பிறகுதான் தெரிந்தது.

"இப்ப மாறிக்கும்ப்பா," என்றாள் ஒடிலியா. "லைன்லேர்ந்து கூரைக்கு மாறணும்ல. கொஞ்சம் நேரம் எடுக்கும்."

அப்பா தலையசைத்தார். இருவரும் காத்திருந்தார்கள். மாறுகிற நேரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் அவள் அதை நீட்டிக்கொண்டே போனாள். அப்பாவின் உதட்டோரம் நிறம் மாறத் தொடங்கியது. அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. மூலையில் இருந்த சிலிண்டரை உருட்டிவந்து குழாயை மாற்றினாள். அதன் அளவுமானியில் முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. புது சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும் என்று போன வாரம் நினைத்தது ஞாபகம் வந்தது. மெஷின்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

"மேலே போய்ப் பாரு," என்றார் அப்பா, மூச்சு கொஞ்சம் திரும்பியதும். "சூரியன்... லீவு போட்டிருக்கான் போல."

அவள் வெளியே வந்தாள். வானத்தில் துணித்துண்டு அளவுக்குக்கூட மேகமில்லை. வெயில் கண்ணைக் குத்தியது. மரம் போன பிறகு அந்தப் பக்கம் நிழல் என்பதே கிடையாது. கறுப்புப் பலகைகள் அத்தனையும் பளபளத்துக்கொண்டிருந்தன.

பக்கவாட்டுச் சுவரில், பலகைகளின் மின்சாரத்தை வீட்டுக்கு மாற்றித் தருகிற இன்வெர்ட்டர் பெட்டி. எப்போதும் பச்சையாக எரிகிற விளக்கு சிவப்பாக இருந்தது. பக்கத்துப் பெட்டியைத் திறந்து எல்லா ஸ்விட்சுகளையும் ஒருமுறை கீழே தள்ளி மேலே ஏற்றினாள். பிறகு மறுபடியும். சிவப்பு அப்படியே இருந்தது.

சோலார் கம்பெனிக்குப் போன் செய்தாள். காத்திருக்கச் சொல்லும் இசை நெடுநேரம் ஓடியது. காற்றில் அது விட்டுவிட்டுக் கேட்டது. கடைசியில் ஒரு பெண் பேசினாள். இதையே பலமுறை பேசிப் பழகிய குரல்.

ஒடிலியா எல்லாவற்றையும் சொன்னாள். சூரியன் இருக்கிறது, பலகை இருக்கிறது, வீட்டுக்குள் கரண்ட் இல்லை. ஏதோ பழுதாகிவிட்டது. ஆள் அனுப்ப வேண்டும். வீட்டில் ஆக்ஸிஜன் மெஷினில் இருக்கிறவர் இருக்கிறார்.

உங்கள் வீட்டில் பேட்டரி இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்றாள் ஒடிலியா. அந்தக் கேள்வியிலேயே அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது.

"பழுது ஒண்ணும் இல்லைங்க," என்றாள் அந்தப் பெண். "அது சரியாத்தான் வேலை செய்யுது. லைன் நின்னா அதுவும் நின்னுடும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. இல்லைன்னா உங்க கூரைலேர்ந்து கரண்ட் கம்பிக்குத் திரும்பிப் போயிடும். கம்பில வேலை செய்யுற ஆளுங்க இருப்பாங்க இல்லையா, அவங்க மேல பாஞ்சிடும்."

கம்பியில் வேலை செய்கிற ஆட்கள். மின் கம்பிகளுக்குப் பக்கத்தில் வளர்கிற கிளைகளை வெட்டுகிற ஒப்பந்தக் கூட்டத்தில் ரமீரோ இருக்கிறான். இன்றைக்கும் எங்கேயாவது மேலே தொங்கிக்கொண்டுதான் இருப்பான். அவன் சாகாமல் இருக்கத்தான் இந்தப் பெட்டி செத்துக் கிடக்கிறது. அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

இப்போது பேட்டரி வைக்க முடியுமா என்று கேட்டாள். வைக்கலாம் என்றது குரல். வீட்டின் மெயின் பெட்டி பழையது என்று குறிப்பில் இருக்கிறது. அதை மாற்ற வேண்டியிருக்கும். மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் அனுமதி வர வேண்டும். எப்படியும் கோடைக்குள் ஆகிவிடும். வேண்டுமென்றால் விற்பனைப் பிரிவுக்கு இணைப்புத் தரட்டுமா?

ஒடிலியா வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெயிலில் நின்றாள்.

*

ரமீரோவின் எண்ணை அழுத்துவதற்கு அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. முள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் மெஷின் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னாள். அவன் ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டான்.

உடம்பெல்லாம் மரத்தூளோடு அவன் உள்ளே வந்தபோது அப்பா கண்ணை மூடியிருந்தார். ரமீரோ அவர் முழங்காலைத் தொட்டான். அப்பா கண்ணைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இளைச்சுட்ட."

"உங்களைவிடவா?"

"நான் ஆஸ்பத்திரிக்குக் காசு கொடுத்து இளைச்சேன். நீ?"

அவ்வளவுதான். இத்தனை மாதக் கணக்கும் அதோடு தீர்ந்தது. ஒடிலியா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

ரமீரோ மெஷினைத் தூக்கிப்போய் தன் பிக்கப் வண்டியில் இருந்த சின்ன இன்வெர்ட்டரில் செருகினான். மெஷின் ஒரு மூச்சு இழுத்தது. அதற்குள் இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. இத்தனை பெரிய மெஷினை அது தாங்காது. ஊரில் இருந்த இரண்டு கடைகளுக்கும் பேசினான். ஜெனரேட்டர் நேற்று மாலையே தீர்ந்துவிட்டது என்றார்கள். ஒடிலியாவிடம் தன் பழைய ஜெனரேட்டரை வாங்கினவனின் எண்ணைக் கேட்டான். முகத்தைப் பார்க்காமல்தான் கேட்டான். அந்த ஆள் கோடையிலேயே அதை வேறு யாருக்கோ கைமாற்றியிருந்தான். சிலிண்டர் கொடுக்கிற கம்பெனியிலோ, எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள், நாளைக் காலை பார்க்கலாம் என்றார்கள்.

"திடலுக்குப் போலாம்," என்றான் ரமீரோ. "அங்க கூடத்துல கரண்ட் வச்சிருக்காங்க."

*

கவுண்டி திடலில் வருஷத்துக்கு ஒருமுறை கால்நடைக் கண்காட்சி நடக்கும் கூடம் அது. வைக்கோல் வாசனை இன்னும் போகவில்லை. வெளியே லாரி அளவில் ஒரு ஜெனரேட்டர் முழங்கிக்கொண்டிருந்தது. உள்ளே மடக்கு மேஜைகள். மேஜைகளின் மேல் நீட்டிய பிளக் பலகைகள். அவற்றைச் சுற்றி, தீயைச் சுற்றிக் குளிர்காய்கிறவர்களைப் போல, மூக்கில் குழாய்களோடு வயதானவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. பேசுவதற்கான மூச்சை எல்லோரும் சேமித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் மெஷின் உறுமத் தொடங்கியது. ஒடிலியாவின் தோள்கள் தாமாகவே இறங்கின.

வாசலில் இருந்த பையன் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே வந்தான். ராத்திரி கூடத்தை மூடிவிடுவோம் என்பதையும் அவன்தான் சொன்னான். படுக்க இடமில்லை, காலையில் மறுபடி திறப்போம். அதுவரை இவர் என்ன செய்வார் என்று ஒடிலியா கேட்டாள். அவன் வருத்தத்தோடு, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள் என்றான். யார் சொல்கிறார்கள் என்று அவனுக்கும் தெரியவில்லை.

கூரைத் தகரத்தைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. பக்கத்து மேஜையில் ஒரு கிழவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்; தலை சரிந்ததும் குழாய் நழுவிவிட்டது. அவருடைய மனைவி அதை எடுத்து மறுபடி மாட்டினாள். சட்டைப் பொத்தானைப் போடுவதுபோல, பார்க்காமலே மாட்டினாள். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணுக்குப் பேசு," என்றார்.

"எந்தப் பொண்ணுப்பா?"

"ஆஸ்பத்திரில இருந்தாளே... மொடெஸ்டோனு சொன்னவ."

ஒடிலியா அதைக் கேளாதவள்போல, இரண்டு நாளில் காற்று நின்றுவிடும் என்றாள். ரமீரோவின் அறையில் தங்கலாம், இன்றைக்கு ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் இருக்கலாம், கோடைக்குள் எப்படியாவது பேட்டரி வைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். ரமீரோவின் அறை இருக்கும் தெருவிலும் கரண்ட் இல்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அவள் முடிக்கும்வரை அப்பா காத்திருந்தார்.

"காத்து நிக்கும். அப்புறம் இன்னொரு காத்து வரும். ஒவ்வொரு தடவையும்... நீ என் வாயைப் பார்த்துக்கிட்டு நிப்ப. நான் உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பேன். காலைல பார்த்தேனே." மூச்சு வாங்கினார். "போதும் ஒடிலியா. பேசு."

சமூகப் பணியாளர் பெண் உடனே எடுத்தாள். இடம் ஒன்று இருக்கிறது என்றாள். ஆனால் இரண்டு நாள், மூன்று நாள் என்று தர மாட்டார்கள். வந்தால் அங்கேயே இருப்பவராக வர வேண்டும். இன்றைக்குச் சொல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். இன்று மலையிலிருந்து நிறையப் பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒடிலியா கைபேசியைப் பொத்திக்கொண்டு இதை அப்பாவிடம் சொன்னாள். சொல்லும்போதே அவர் தலையசைத்துவிட்டார். சரி என்று தன் வாயாலேயே அவள் சொல்ல வேண்டியிருந்தது.

ரமீரோ எழுந்து வெளியே போனான். கண்ணாடிக் கதவு வழியாக அவன் முதுகு தெரிந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்த எண்ணம் வந்தது. வந்தபின் போகவில்லை. கம்பிகளுக்கு நடுவில் வேலை செய்கிறவன். செத்த கம்பி எப்படி உயிர்பெறும், யாரைக் கொல்லும் என்று வருஷாவருஷம் பாடம் கேட்கிறவன். கூரையில் பலகைகள் ஏறிய அன்று தெருவில் வண்டியை நிறுத்திச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனானே. பேட்டரி இல்லை என்பது அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்குமோ?

*

மலையை விட்டு இறங்குமுன் துணிகளை எடுக்க வீட்டுக்கு வந்தார்கள். நர்ஸ் ஒருத்தி திடலில் இரவல் கொடுத்த சிலிண்டர், மொடெஸ்டோ போய்ச் சேரும்வரை தாங்கும். அப்பா வண்டியை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் ஏற முடியாது என்றார். எதைச் சொல்கிறார் என்று ஒடிலியா கேட்கவில்லை.

சட்டைகள், கம்பளி மேலங்கி, சவரப்பெட்டி. பையை மூடும்போது காற்றின் சத்தம் குறைந்திருப்பதை உணர்ந்தாள். ஜன்னல் சட்டம் ஆடவில்லை. அந்த நிமிஷத்தில் குளிர்பதனப் பெட்டி குலுங்கியது. சமையலறை விளக்கு எரிந்தது.

அவள் பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"கரண்ட் வந்துடுச்சுப்பா."

அப்பா வண்டிக் கண்ணாடிக்குள்ளிருந்து வீட்டைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். மரம் நின்ற இடத்தைப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. இருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பையை எடுத்துட்டு வா," என்றார்.

அவள் எடுத்துவந்து பின்னால் வைத்தாள். தானும் ஏறுவதற்காக மறுபக்கக் கதவில் கை வைத்தாள். அவர் மறுப்பாகத் தலையசைத்தார்.

"நீ வர வேண்டாம். இவன் கொண்டுபோய் விடட்டும்."

"ஏன்ப்பா?"

"நீ வந்தா... நான் திரும்பி வந்துடுவேன்."

ஒடிலியா கையை எடுத்துக்கொண்டாள். வண்டியைச் சுற்றி ஓட்டுநர் பக்கம் போனாள். ரமீரோ கண்ணாடியை இறக்கினான். காலையிலிருந்து முதல்முறையாக அவள் அவனை நேருக்கு நேர் பார்த்தாள்.

"லைன் செத்தா கூரையும் செத்துடும்னு உனக்குத் தெரியுமாடா? நான் பேட்டரி வாங்கலைன்னு தெரியுமா?"

அவன் ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தான். நகங்களுக்குள் பைன் பிசின் கறுத்திருந்தது. கீழே இறங்குகிற சாலையைப் பார்த்தபடி இருந்தான். கண் ஒருமுறை இன்வெர்ட்டர் இருந்த சுவருக்குப் போய்ச் சாலைக்கே திரும்பியது.

அவன் பக்கத்தில் அப்பாவும் குழாயைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரமீரோ கியரைப் போட்டான்.